இரண்டாம் பிரதியில் இருந்த ஏழு வரிகள்

பேச்சின் நடுவே அவர் ‘கமா’ என்பார். மூச்சு வாங்க நிற்கும் இடங்களிலெல்லாம் அந்தச் சொல் தானாக வந்து விழும். “பாவ் வாங்கப் போனேன் கமா, பேக்கரி மூடியிருந்திச்சு கமா, சும்மா திரும்பி வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, ‘ஃபுல் ஸ்டாப்’ என்பதை மட்டும் உதட்டுக்குள் விழுங்கிக்கொள்வார். பிறர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, எடுத்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓதிப் பார்த்து, பிறகு தட்டச்சு செய்வதே வாழ்வாகிப் போனவர். பூனா கேம்ப்பில் இருந்த தமிழர் அனைவருக்கும் அவர் ஸ்டெனோ மிஸ். சொந்தப் பெயர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. கல்லறைக் கல்லிலும் இருக்கிறது. இங்கே அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிறர் சொல்லை எழுதித் தருகிறவள் அந்தத் தாளில் தன் பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய நெறி. இந்தத் தாளிலும் அதை மீறாதிருக்கிறேன்.

அவருடைய முன்னோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர்கள். நான்காம் தலைமுறையான மிஸ்ஸின் தமிழில் இந்தியும் மராட்டியும் தாராளமாகப் புகுந்திருந்தன. தமிழ் வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆயினும் காதால் கேட்ட எதையும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லும் வல்லமை அவரிடம் இருந்தது. எனக்கு அதில் சிறிது பொறாமையும் உண்டு. விடியற்காலையில் நீராடி, திருநீறு அணிந்து, பதிகங்களை வரிசை தப்பாமல் ஓதிவிட்டே வேலைக்குப் புறப்படுகிறவன் நான். ஆயிரம் பாடல்களுக்கு மேல் மனப்பாடம் என்று உள்ளூர ஒரு செருக்கு இருந்தது. மிஸ்ஸின் நினைவாற்றல் வேறு வகை. எனக்கு இசை வேண்டும், பக்தி வேண்டும். அவருக்கு ஒன்றும் வேண்டாம். பலசரக்குக் கடைக்காரரின் பேச்சையும் பாதிரியாரின் பிரசங்கத்தையும் ஒரே குரலில் ஒப்புவிப்பார்.

நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே குழாய். ஒருநாள் இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் பெரும் சண்டை. அன்று மாலை இரு வீட்டு ஆண்களும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தபோது, யார் முதலில் தவறாகப் பேசியது என்று கேள்வி எழுந்தது. சண்டையின்போது குழாயருகே துணி அலசிக்கொண்டிருந்த மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரோரம் நின்று, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரு பெண்களும் பேசிய அத்தனையையும் சொன்னார். வசவுச் சொற்களையும் விடவில்லை. கோபமில்லாத அந்தக் குரலில், கமாக்களோடு, அந்த வசவுகளைக் கேட்கக் கேட்கத் தலைகள் குனிந்தன. பேசிய பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு, “போதும் மிஸ், பஸ் பண்ணுங்க, நிறுத்திடுங்க” என்றாள்.

“இன்னும் நாலு வரி இருக்கு” என்றார் மிஸ்.

“வேணாம் மிஸ். தண்ணியை அவங்களே முதல்ல பிடிச்சுக்கட்டும்.”

பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்தக் கட்டடத்தில் வாயாடி. “மிஸ்ஸுக்குக் கல்யாணம் நடந்திருந்தா, கோயில்ல சம்மதம் சொல்லும்போதும் ஃபுல் ஸ்டாப் போட்டிருப்பாங்க” என்று சீண்டுவார். “போட்டிருப்பேன்” என்பார் மிஸ். “அப்புறம் அந்த ஆள் பேச வேண்டிய வேலை மிச்சம் பாருங்க.” எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

என் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்தில், பழைய காகிதங்களும் கையெழுத்துச் சுவடிகளும் வைத்திருக்கும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். ஒருமுறை மேலதிகாரிமீது மனத்தாங்கல் ஏற்பட்டு, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத மிஸ்ஸிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல எடுத்துத் தட்டச்சு செய்தார். படித்துப் பார்த்தபோது ஒரு வரி அளவுக்கு மீறிக் காரமாக இருந்தது. “அதை அழிச்சிடுங்க மிஸ்” என்றேன். விளிம்பில் சிறு தூரிகை வைத்த வட்ட ரப்பரை எடுத்து அழித்து, அதே இடத்தில் சாந்தமான ஒரு வரியைத் தட்டிக் கொடுத்தார். மறு ஆண்டு அந்தக் கடிதத்தின் நகல் தேவைப்பட்டது. கார்பன் வைத்து எடுத்த இரண்டாம் பிரதியை எடுத்து நீட்டினார். அதில் என் காரமான வரி அப்படியே இருந்தது.

“மிஸ், இதை அன்னிக்கே அழிக்கச் சொன்னேனே.”

“லெட்டர்ல அழிக்கச் சொன்னீங்க. லெட்டர்ல அழிச்சேன்.”

“அப்ப இது?”

“இது நீங்க சொன்னது சார். நீங்க சொல்லலையா?”

சொன்னேன்தான். நானும் சிரித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். சிரித்ததோடு மறந்தும் போனேன். மறந்தது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை அறிய எனக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஸாஹேபின் வேலை கிடைத்தது. ஸாஹேப் என்று நகரமே அழைத்த அந்த அரசியல்வாதி, பதவியிலிருந்து இறங்கித் தம் பொதுவாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தார். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அதற்குக் காரணம் மரியாதையன்று. கேம்ப்புக்கு வெளியே மரங்கள் அடர்ந்த பங்களா. காலை எட்டு மணிக்கு மிஸ் குடையோடு நடந்து போவார். பகல் ஒன்றுக்குத் திரும்புவார். அந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட அவரோடு வெளியே வந்ததில்லை. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று வாயாடி அக்கவுண்டன்ட் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். “எடுத்ததை எடுத்த இடத்துல வச்சிட்டு வந்துட்டேன்” என்பதே பதில்.

நூலகத்திலிருந்து ஸாஹேபுக்கு வேண்டிய பழைய அறிக்கைகளைக் கொண்டு கொடுக்க நானும் சில முறை அங்கே போனதுண்டு. ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த ஸாஹேப், முந்தைய நாள் தட்டச்சான பக்கம் ஒன்றை மடியில் வைத்திருந்தார். பிறகு மராட்டியில், “இந்தப் பத்தியை எடுத்துவிடு பாயி” என்றார். பாயி என்றால் அம்மா என்பதுபோல. மிஸ் எழுந்து போய்ப் பக்கத்தை வாங்கினார். அந்நாளில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு பத்திக்காகப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அழித்து, அழித்த இடத்திலேயே அளவாக வேறு சொற்களை நிரப்புவதுதான் முறை. மிஸ் தாள்களை மறுபடி பொறியில் ஏற்றினார். மேல் தாளுக்கும் கார்பனுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டார். ஆண்டுப் பிறப்பன்று தேவாலயத்தில் ஆளுக்கொன்றாகத் தரும், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை அது. அழிக்கும்போது கீழ்ப் பிரதியில் கறை படியாமல் இருக்கத் தட்டச்சாளர் எல்லாரும் அப்படிச் செய்வதுண்டு. மேல் தாளை அழித்தபின் கீழ்த் தாளைத் தனியே அழிப்பார்கள். மிஸ் மேல் தாளை அழித்தார். தூரிகையால் துகள்களைத் தட்டினார். அட்டையை எடுத்து நெஞ்சருகே ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். கீழ்த் தாளைத் தொடவில்லை. கார்பனை உருவியெடுத்துவிட்டு, மேல் தாளில் மட்டும் புதிய வரிகளை அடித்தார். என் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான வேலை என்று எண்ணிக்கொண்டேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் நாங்கள் தேடிய பக்கம்தானா அது, வேறொரு பக்கமா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

புத்தகம் வெளிவந்தது, மாலைகள் விழுந்தன. மராட்டியிலும் மொழிபெயர்த்தார்கள். அதில் ஓர் அத்தியாயம், அவர் பதவியில் இருந்தபோது பூனாவை அடுத்த ஹடப்சரில் ஓர் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியது. வழி தவறிய தொழிலாளி ஒருவன் கிடங்குக்குத் தீ வைத்தான், அத்தோடு போராட்டம் நியாயத்தை இழந்தது என்று அதில் இருந்தது. அந்தத் தொழிலாளியின் பெயரும் இருந்தது. வழக்கு நடந்து, அவர் சிறைக்குப் போய், சிறையிலேயே நெஞ்சு நோயால் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் அதை மறக்கத் தொடங்கியிருந்த வேளையில் புத்தகம் வந்து மறுபடி நினைவூட்டியது. அவருடைய மனைவி ஹடப்சரிலேயே சந்தையில் கீரை விற்றுப் பிழைத்துவந்தாள். அவளை ‘தீ வைத்தவன் பெண்டாட்டி’ என்று மீண்டும் சுட்டிக்காட்டிப் பேசினார்கள்.

அந்தப் பெண் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருநாள் ஸாஹேபின் வாசலுக்கே வந்திருக்கிறாள். காவலாளி உள்ளே விடவில்லை. ஒரு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்த மிஸ், வெயிலில் நின்ற அவளிடம் இரண்டே வாக்கியங்கள் சொன்னாராம்: “காகிதம் இருக்கிறது. பொறுத்திருங்கள்.” அவ்வளவுதான். ஸாஹேபின் காலம் முடியும்வரை, கேட்டது எதையும் வெளியில் சொல்வதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கை மீறவும் அவருக்குத் தெரியாது. பொய்க்குத் துணை போகவும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்துவிட்டு எட்டாண்டுகள் காத்திருந்தார். புத்தகம் முடிந்ததும் சுருக்கெழுத்து நோட்டுகளை எரித்துவிடச் சொன்னார் ஸாஹேப். மிஸ் அவற்றைப் பங்களாவின் பின்புறத்தில் தம் கையாலேயே எரித்தார். இரண்டாம் பிரதியை எரிக்கும்படி அவர் சொல்லவில்லை. அது முதல் பிரதியைப் போலவே இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸாஹேப் படுக்கையில் விழுந்தார். புத்தகத்தின் வரைவுகள், குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் எங்கள் நிறுவனத்துக்கு அளிப்பதாகவும், தம் மறைவுக்குப் பிறகே வாசகர்களுக்குத் திறக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். ஒன்பது தகரப் பெட்டிகள். அவற்றை அடுக்கிக் கட்டி, ரிக்ஷாவில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்து ஒப்படைத்தவர் மிஸ்தான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனி நாடாவால் கட்டியிருந்தார். பொறுப்பேட்டில் நான் கையொப்பமிடும்போது, “ரெண்டு காப்பியும் இருக்கு சார்” என்றார்.

“பாத்தேன் மிஸ்.”

“ரெண்டையும் பத்திரமா வைங்க.”

“வைக்காம என்ன மிஸ். நம்ம கையில வந்துட்டா அப்புறம் கவலை எதுக்கு.”

இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமீது பரப்பி ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல இருந்தது. ஸாஹேப் அப்போது உயிரோடு இருந்தார். மிஸ் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வைப்பறையின் கூரை ஒழுகியது. அலமாரிகளில் பாதியைக் காலி செய்தாக வேண்டும். மேலதிகாரி என்னை அழைத்து, “இரட்டைப் பிரதிகளை எல்லாம் கழித்துவிடுங்கள்” என்றார். அது எங்கள் துறையில் இருந்த வழக்கம். யாரும் அதைத் தவறென்று சொல்ல முடியாது. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து, பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் ஒத்திருந்தால் இரண்டாவதைக் கழித்துவிடுவோம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஸாஹேபின் பெட்டிகளை நான் நான்கு நாட்களில் முடித்தேன். முதல் வரி, கடைசி வரி. முதல் வரி, கடைசி வரி. அந்த நாட்களில் என் உதடுகள் திருப்பதிகங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கைகள் செய்யும் வேலைக்கு இறைவன் சாட்சி என்ற நிறைவோடு, மங்கலான நீல எழுத்துகள் கொண்ட அந்த மெல்லிய தாள்களைக் கட்டிப் பழைய காகிதம் வாங்குகிறவனின் சாக்கில் போட்டேன். அவனை அங்கே ரத்திக்காரன் என்பார்கள். பொறுப்பேட்டில் என் கையாலேயே ‘இரண்டாம் பிரதி, கழிக்கப்பட்டது’ என்று எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வரியும் அழகாகத்தான் இருக்கிறது.

மறு ஆண்டு ஸாஹேப் மறைந்தார். பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்கு, மிஸ் எங்கள் வாசிப்பறைக்கு வந்தார். உடன் ஒன்பது கஜச் சேலை கட்டிய, நரைத்த, கைகளில் மண் படிந்து காய்ப்பேறிய ஒரு பெண். மிஸ் தேவாலயத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தார். இருவரையும் உட்கார வைத்தேன்.

“இவங்க யாருன்னு சொல்றேன் சார்” என்று ஹடப்சர்க் கதையை மிகச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, “ஒன்பதாவது சாப்டர் கமா, செகண்ட் காப்பி கமா, பக்கம் பதினாலு. எடுத்துட்டு வாங்க” என்றார்.

நான் எழவில்லை.

“முதல் பிரதி இருக்கு மிஸ்.”

“அது வேணாம். செகண்ட் காப்பி.”

“அது டூப்ளிகேட்தானே மிஸ். மழையில இடம் இல்லாம…”

“எங்க இருக்கு?”

“ரத்தியில போட்டாச்சு.”

அவர் முகத்தில் ஒன்றும் நிகழவில்லை. உள்ளங்கைகளை மேசைமீது பரப்பினார். “யார் பிரிச்சது?” என்றார்.

“நான்தான்.”

“ஒத்துப் பாத்தீங்களா?”

“முதல் வரியும் கடைசி வரியும் பாத்தேன். எங்க வழக்கம் அதுதான்.”

“ஆமா” என்றார் மிஸ். “ஸாஹேபும் அப்படித்தான் பாப்பாரு. அதை நம்பித்தான் விட்டு வச்சேன்.”

எதிரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இருவர் முகங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன ஆயிற்று என்று மராட்டியில் கேட்டாள். மிஸ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கைகளைக் கோத்துக்கொண்டார். அன்று குழாயடிச் சண்டையை ஒப்புவித்த அதே குரலில், முதலில் ஸாஹேப் சொன்ன ஆங்கிலத்திலேயே, ஏழு வரிகளையும் சொன்னார். கமா வரும் இடத்தில் கமா, முற்றுப்புள்ளி வரும் இடத்தில் ஃபுல் ஸ்டாப், இம்முறை விழுங்கவில்லை. ஸாஹேப் ஓரிடத்தில் இருமியிருக்க வேண்டும், அங்கே மிஸ் சற்று நிறுத்தினார். பிறகு அதையே மராட்டியில் பொருள் சொன்னார்.

தீ விபத்துக்கு மறுநாள் காலையிலேயே தமக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அந்தப் பத்தி தொடங்கியது. கிடங்கின் எண்ணெய் அறையில் பழுதாகியிருந்த பழைய மின்கம்பியிலிருந்து தீ பற்றியதை ஆலையின் நிர்வாகி நேரில் வந்து சொன்னது, போராட்டம் முடிவுக்கு வர ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, தாம் மௌனமாக இருந்தது எல்லாம் நடுவில் வந்தன. அவன் பெயரை அப்படியே இருக்க விட்டேன் என்று முடிந்தது. ஒரு மனிதர் தம் இதயத்தைத் திறந்து ஒரே ஒரு காலைப்பொழுது மெய் சொல்லியிருக்கிறார். அடுத்த காலையில் அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் அழவில்லை. “எங்கே எழுதியிருக்கிறது?” என்று மட்டும் கேட்டாள்.

“இருந்தது” என்றார் மிஸ்.

“இப்போது?”

மிஸ் என்னைப் பார்த்தார். பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர், இது வாசிப்பறை என்று நினைவூட்டினார்.

அன்று பிற்பகலே ரத்திக் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் சிரித்தான். “மழைக்காலத்துச் சரக்கா? அது எப்பவோ மில்லுக்குப் போய் அட்டைப்பெட்டி ஆயிருக்கும் சாப். கொஞ்சம் சேங்தானாக்காரன் வாங்கிட்டுப் போனான்.” சேங்தானா என்றால் வேர்க்கடலை. அதன்பின் பல வாரங்கள் கேம்ப்பின் மூலைகளில் நின்ற கடலைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பொட்டலம் வாங்கினேன். கடலையைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத் தேர்வுத்தாள், பழைய விளம்பரம், யாரோ ஒருவரின் ஜாதகம். நீல எழுத்து ஒருமுறை வந்தது. அது துணிக்கடைப் பட்டியல்.

சிறுவனாக இருந்தபோது, நம் அருளாளர் பாடியவற்றில் பெரும்பகுதி பூட்டிய அறைக்குள் கரையானுக்கு இரையானதைக் கேட்டு அழுதிருக்கிறேன். அந்த ஏடுகளில் என்னென்ன இருந்திருக்கும் என்று எண்ணியெண்ணி ஏங்கியிருக்கிறேன். மிஞ்சியவற்றையாவது காப்போம் என்றுதான் சுவடிப் பிரிவில் வேலை கேட்டு வாங்கினேன். கரையானுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். அதிலும் நான் அறிந்த எழுத்து அது. என் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் அதே சாட்சியை ஒருமுறை கையில் வாங்கிச் சிரித்தவன்.

ஒரு ஞாயிறன்று மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். “நீங்க சொல்லுங்க மிஸ், நான் எழுதிக்கறேன். கீழே நீங்க கையெழுத்துப் போடுங்க. பெட்டியில சேத்துடறேன்” என்றேன்.

“அது என் வார்த்தை ஆயிடும் சார்.”

“நீங்க கேட்டது தானே.”

“கேட்டதுதான். ஆனா எடுத்த அன்னிக்கு அடிச்ச தாள் இல்லாம, இத்தனை வருஷம் கழிச்சு ஒரு ஸ்டெனோ சொன்னா, கிழவி பைத்தியம்னு அவங்க வீட்டு ஆளுங்க சொல்வாங்க. அந்த அம்மாவுக்கு இன்னொரு தடவை வெட்கம். வேணாம்.” சற்று நிறுத்தினார். “என்மேலயும் தப்பு இருக்கு. காகிதத்தை ஜாஸ்தி நம்பிட்டேன்.”

நான் செய்தது தப்பு என்று அவர் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் எப்போதும்போல ஒரு டப்பா கல்கல் என் வீட்டுக்கு வந்தது. மைதா மாவைச் சீப்பின் பல்லில் உருட்டிப் பொரித்துச் செய்வது. முட்டை சேர்க்காமல் எனக்கென்று தனியாகச் செய்திருந்தார். அதை என்னால் உண்ண முடியவில்லை.

எண்பதுகள் முடியும் தறுவாயில் மிஸ் இறந்தார். மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை பேச்சு நின்றது. கல்லறையில் தேவாலயத்தார் இருபது பேர் இருந்தனர். எங்கள் கட்டடத்தார் சிலர். வாயாடி அக்கவுண்டன்ட்டும் வந்திருந்தார். மண் போட்டு எல்லாரும் கலைந்தபோது, வாசல் மரத்தடியில் அந்த ஹடப்சர்ப் பெண் நிற்பதைக் கண்டேன். இன்னும் நரைத்திருந்தாள். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் சாமந்திப்பூ வைத்திருந்தாள். கல்லறைக்குள் வரலாமோ கூடாதோ என்று நின்றிருக்கிறாள். அழைத்துப் போனேன். பூவை மண்மேல் வைத்துவிட்டு, திரும்பும்போது மராட்டியில் பேசினாள். நான் அறியாத ஒன்றை அன்று அறிந்தேன்.

“பாயி மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வருவார், பாவூ” என்றாள். பாவூ என்றால் அண்ணன். “கோயில் முடிந்து பஸ்ஸில் வருவார். என் வீட்டில் தேநீர் குடிப்பார். அந்த ஏழு வரியைச் சொல்வார். போய்விடுவார். வேறு பேச்சே இல்லை.”

“எத்தனை ஆண்டுகள்?”

“அன்றிலிருந்து. மழையிலும் வருவார். ஒருமுறை என் கணவரின் தம்பியை, அண்டை வீட்டாரை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னார். அவர்கள் நம்பினார்களோ இல்லையோ, கேட்டார்கள்.” பையை மடித்து இடுப்பில் செருகினாள். “பொருள் எனக்குத் தெரியும் பாவூ. அது எனக்கு எப்போதும் தெரியும். என் மனிதர் தீ வைக்கவில்லை. ஆனால் அந்த இங்கிலீஷ் எனக்கு வராது. அந்தப் பெரிய மனிதர் வாயால் சொன்னபடியே கேட்க வேண்டும். நீங்களும் அன்று கூட இருந்தீர்களே. உங்களுக்கு வருமா?”

விடியலில் ஓதிய பதிகங்கள் அப்போதும் என் நாவில் ஈரமாக இருந்தன. ஆயிரம் பாடல் அறிந்தவன். கண்களை மூடினேன். முதல் வரி வந்தது. மறுநாள் காலையிலேயே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது என்னும் அந்த ஆங்கில வரியைச் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். அதுதான், சரிதான் என்பதுபோல. அடுத்த வரிக்காக முகத்தைச் சற்றே நிமிர்த்தினாள்.

நான் தேடினேன். நிர்வாகி வந்ததும் கம்பியும் எண்ணெய் அறையும் தெரிந்தன, சொற்கள் வரவில்லை. கடைசி வரியைச் சொன்னேன்.

“நடுவில்?” என்று கேட்டாள்.

பஸ் வந்து நின்று போனது. அவள் அடுத்த பஸ்ஸுக்கும் காத்திருந்தாள்.